ஏழு மணிச் செய்தியும் சித்தியின் அளவு நோட்டும்

என் சித்தி பிறந்த நாள் குறித்து எங்கள் குடும்பத்தில் இரண்டு கருத்துகள் உண்டு. பள்ளிச் சான்றிதழ் மார்ச் ஒன்பது என்கிறது. அவருடைய அக்காவான என் அம்மா, அது பள்ளியில் சேர்க்கும்போது தாத்தா வாய்க்கு வந்தபடி சொன்ன தேதி என்றும், பிறந்தது உண்மையில் அதற்கு முந்தைய ஆண்டின் மழைக்காலம் என்றும் சாதிப்பார். "குடையப் புடிச்சுக்கிட்டு மருத்துவச்சியக் கூப்பிடப் போனதே நான்தான். எனக்குத் தெரியாதா?" என்பது அம்மாவின் சாட்சியம். குடும்பக் குறிப்பேட்டில் இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். சித்தியிடம் கேட்டால், "எதுல வயசு குறையுதோ அத எழுதிக்கோ" என்று முடித்துவிடுவார்.

மூன்று பேர் அவர்கள். அம்மா மூத்தவர், நடுவில் மாமா, கடைக்குட்டி சித்தி. மாமா ஒரு சிறிய எஃப்.எம். வானொலி நிலையத்தில் காலை ஏழு மணிச் செய்தி வாசித்தார். அதனால் அவருக்கு 'ஏழு மணி' என்றே பெயர். "ஏழு மணி போறாரு பாரு" என்று கடைக்காரர்கள் சொல்லும்போது கடிகாரத்தில் பன்னிரண்டு அடித்திருக்கும். சித்தி அதே நிலையத்தில் ஒலிபரப்பு அறையின் பொறுப்பாளர். மாமா வாயைத் திறப்பார். அந்தக் குரல் எங்கள் சமையலறை வரை பழுதில்லாமல் வந்து சேர்வது சித்தியின் வேலை.

சித்தி அந்த நிலையத்தில் சேர்ந்தது தட்டச்சராக. நேயர்கள் எழுதும் கடிதங்களைச் சுருக்கித் தட்டச்சு செய்து மேலதிகாரிகளின் மேசைக்கு அனுப்ப வேண்டும். இரண்டு ஆண்டுகள் 'குரல் மங்கல்', 'இரைச்சல் அதிகம்' என்றே தட்டித் தட்டி, ஒரு நாள் பொறியாளரிடம் போய், "சார், மங்கலா இருக்குன்னு எழுதுறவங்க எல்லாரும் சின்ன ரேடியோ வெச்சிருக்கவங்க. பெரிய செட்டு வெச்சிருக்கவங்க ஒருத்தர் கூட எழுதல" என்றாராம். பொறியாளர் கடிதக் கட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "டைப் அடிக்கிற எடத்துல உக்காந்துக்கிட்டு உனக்கு இவ்வளவு காது கேக்குதா?" என்று கேட்டார். அடுத்த மாதம் சித்தியின் நாற்காலி ஒலிபரப்பு அறைக்கு மாறியது. அஞ்சல் வழியில் பட்டயப் படிப்பை முடித்ததும், பொறியாளர் ஓய்வு பெற்றபோது பொறுப்பை ஏற்றதும் அதன் பிறகு. தேதிகள் குறிப்பேட்டில் உள்ளன. இங்கே அவை அவசியமில்லை.

ஆனால் அவர் வேலை செய்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். நிலையத்தில் விலை உயர்ந்த ஹெட்போன் இருந்தது. சித்தி அதை நம்பவே மாட்டார். "அது முகஸ்துதி பண்ணும். எல்லாத்தையும் நல்லா இருக்குன்னே சொல்லும்" என்பார். எதையாவது மாற்றினால், உள்ளங்கை அளவு ரேடியோ ஒன்றை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுவார். கட்டடத்தின் அடியில் இருந்த முடிதிருத்தும் கடை, எதிர்ச்சாரியில் தையல் கடை, பேருந்து நிறுத்தம்: இந்த மூன்று இடங்களிலும் கேட்டுவிட்டுத்தான் மாற்றத்தை உறுதி செய்வார். பிறகு அளவு நோட்டில் எழுதுவார். நீளவாக்கில் கோடு போட்ட கணக்கு நோட்டு அது. தேதி, நேரம், பழைய அளவு, புதிய அளவு, காரணம் என ஐந்து பத்திகள். காரணம் எழுதாமல் அவர் ஒரு திருகைக்கூடத் திருப்பியதில்லை. அந்த நோட்டுகள் பதினொன்றும் இப்போது என் அலமாரியில் இருக்கின்றன. கீழே வரும் எண்கள் எல்லாம் ஏழாவது நோட்டிலிருந்து எடுத்தவை.

நிலையம் மூன்றாவது மாடியில் இருந்தது. மின்தூக்கி கிடையாது. செய்தி அறை, இரண்டு ஸ்டுடியோக்கள், நடுவில் கண்ணாடிச் சுவர், கோடியில் எப்போதும் குளிர்ந்திருக்கும் ஒலிபரப்பு அறை. மொட்டை மாடியில் கோபுரம். ஒலிபரப்பு அறையின் இரும்புச் சட்டத்தில் ஒரு கறுப்புப் பெட்டி உட்கார்ந்திருந்தது. மைக்கிலிருந்து வரும் ஒலியைக் கோபுரத்துக்கு அனுப்புமுன் பதப்படுத்துவது அதன் பணி: மெல்லப் பேசினால் தூக்கிவிடும், உரக்கப் பேசினால் அமுக்கும், எல்லை தாண்டினால் வெட்டும். இருபது ஆண்டு உழைத்த அந்தப் பெட்டி ஒரு கோடையில் உயிரை விட்டது. உதிரிப் பாகம் எங்கும் கிடைக்கவில்லை. அதே வேலையைச் செய்யும் மென்பொருளைக் கணினியில் நிறுவலாம் என்று சித்தி எழுதிக் கொடுத்தார். நிலைய மேலாளர் தயக்கத்தோடு சம்மதித்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிற்பகல் இரண்டு முதல் ஐந்து வரை பராமரிப்புக்காக ஒலிபரப்பு நிற்கும். அந்த மூன்று மணி நேரத்துக்குள் சித்தி மென்பொருளை நிறுவி முடித்தார். முடிந்தது என்றுதான் அவரும் நினைத்தார். அதற்குப் பின் வந்த வாரத்தை எங்கள் வீட்டில் இன்றும் 'சித்தி சிரிக்காத வாரம்' என்கிறோம்.

முதல் கோளாறு அன்று மாலையே தெரிந்தது. ரேடியோவில் ஸ்டீரியோ விளக்கு என்னவோ எரிந்தது. ஆனால் இடமும் வலமும் ஒன்றாகவே ஒலித்தன. கணினியின் சவுண்ட் கார்டு நொடிக்கு நாற்பத்தெட்டாயிரம் முறை மட்டுமே ஒலியை அளந்துகொண்டிருந்தது. இடம் வலத்தைப் பிரித்துச் சொல்லும் பகுதி அந்த வேகத்துக்குள் அடங்காது. அதை நான்கு மடங்காக்கியதும் சரியாயிற்று.

திங்கள் காலை மாமா "வணக்கம், செய்திகள்" என்று தொடங்கியபோது அந்தச் 'செ' ஊரையே கீறியது. சித்தி கையில் ரேடியோவோடு கீழே ஓடினார். முடிதிருத்துபவர் கத்தரிக்கோலை உயர்த்திப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"என்னக்கா, இன்னைக்கு உங்கண்ணனுக்கு லீவா? பாம்ப உக்கார வெச்சிருக்கீங்களே!"

எஃப்.எம்.மில் கூரிய ஓசைகளைச் சற்று உயர்த்தி அனுப்புவார்கள். வீட்டு ரேடியோ அதே அளவு அவற்றைத் தாழ்த்திக்கொள்ளும். வழியில் சேர்ந்த இரைச்சலும் கூடவே தாழ்ந்துவிடும். மென்பொருள் ஒரு முறை உயர்த்தியது. அது தெரியாமல் டிரான்ஸ்மிட்டரும் பழைய வழக்கப்படி இன்னொரு முறை உயர்த்தியது. இரண்டில் ஒன்றை நிறுத்தியதும் பாம்பு படுத்துக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை வானிலை அறிக்கையின் நடுவே கணினி தன் சொந்த 'டிங்' ஒலியை ஊருக்கெல்லாம் கேட்கவைத்தது. வினாடி வினா எப்போது தொடங்கினீர்கள் என்று கேட்டு இரண்டு அஞ்சலட்டைகள் வந்தன. புதன்கிழமை மாமா வார்த்தைக்கு வார்த்தை திக்கினார். மென்பொருள் யோசித்து அனுப்பியதால், அவர் பேசியது அவர் காதுக்கே ஒரு நொடியில் சிறு பங்கு தாமதமாக வந்துகொண்டிருந்தது. ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்தவர், "ஏம்மா, எனக்கு நானே வக்கணை காட்டுற மாதிரி இருக்கு. உன் கம்ப்யூட்டருக்கு என்மேல என்ன கோபம்?" என்றார். சித்தி அவருடைய ஹெட்போனை மென்பொருளிலிருந்து பிரித்து, மைக்கிலிருந்து வரும் நேர் வழியில் இணைத்தார். மாமாவுக்குத் தன் குரல் பழையபடி கேட்டது. ஊருக்கு என்ன கேட்கிறது என்பது மட்டும் அன்றிலிருந்து அவருக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை மேலாளர் சித்தியை அழைத்தார். அம்மாவிடம் சித்தி பின்னாளில் சொன்னதையும், நோட்டில் அன்று எழுதியதையும் வைத்து இந்த உரையாடலைத் தருகிறேன்.

"மேடம், மூணு பேர் போன் பண்ணிட்டாங்க. செய்தி வாசிக்கிறவரு மாடிப்படி ஏறிக்கிட்டே வாசிக்கிறாரான்னு கேக்குறாங்க. புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சுதான் கேக்குதாம்."

"புது மென்பொருள் சார். வார்த்தைக்கு நடுவுல அமைதி வந்தா, சத்தம் பத்தலன்னு நெனச்சு இருக்குறத எல்லாம் தூக்கிவிடுது. மூச்சும் சேர்ந்து பெருசா வருது."

"அப்ப சரி பண்ணுங்க. இல்லன்னா நான் ஆள மாத்த வேண்டியிருக்கும். உங்க அண்ணன்னு நானும் பாக்க மாட்டேன், நீங்களும் பாக்காதீங்க."

மாமாவுக்கு அப்போது ஐம்பத்துநான்கு வயது. திருமணம் செய்துகொள்ளவில்லை. நிலையத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அறை. அந்த அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, அகராதிகள் நான்கு. இருபத்துநான்கு ஆண்டுகளாக நாளைத் தொடங்குவது அந்தப் பத்து நிமிடச் செய்திதான். இருபத்தைந்து ஆண்டு நிறைவடையும் நாளை அவர் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருந்தார். அந்த நாற்காலி போனால் அவருக்கு வேறு ஒன்றும் இல்லை என்பது சித்திக்குத் தெரியும்.

மென்பொருளில் கேட் என்று ஒரு வசதி உண்டு. வாயிற்காவலன் போல. நாம் குறிக்கும் அளவுக்குக் கீழே வரும் ஓசையை அது வெளியே விடாது. சித்தி, காலை ஏழு மணியிலிருந்து ஏழு பத்து வரை மட்டும் தானாக வந்து நிற்கும்படி ஒரு காவலனை அமர்த்தினார். நோட்டில் உள்ள வரி இது: 'கேட்: இல்லை என்பதிலிருந்து மைனஸ் நாற்பத்தாறு. காரணம்: அண்ணன் மூச்சு.' மறுநாள் மாமாவின் குரல் கழுவித் துடைத்த பாத்திரம் போல வந்தது. மேலாளருக்குத் திருப்தி. முடிதிருத்துபவருக்கும் திருப்தி.

எல்லோரையும்விடத் திருப்தி அடைந்தவர் என் அம்மா. எங்கள் வீடு நிலையத்திலிருந்து இரண்டு பேருந்து தூரம். தம்பியும் அக்காவும் மாதம் ஒரு முறை பார்த்துக்கொண்டால் அதிகம். தொலைபேசியில் பேச மாமாவுக்குப் பிடிக்காது. அதனால் அம்மாவுக்கு ஏழு மணிச் செய்தி, செய்தி கேட்பதற்காக இல்லை. அரிசி கழுவும் தண்ணீர் பாத்திரத்தில் இருக்கும்போதே தலைப்புச் செய்திகள் முடியும்; அடுப்பில் உலை ஏறும்போது வானிலை. எந்த நாட்டில் ஆட்சி கவிழ்ந்தது என்று அவரிடம் கேட்டுப் பயனில்லை. "அவன் குரல் கணீர்னு இருக்கு. நல்லா இருக்கான்" என்பதுதான் அன்றைய செய்திச் சுருக்கம். அந்த நாட்களின் காலை வெளிச்சமும் அந்தக் கணீர்க் குரலும் என் நினைவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. இப்போதும் ஏழு மணிக்குச் சமையலறை அமைதியாக இருந்தால் எனக்கு ஏதோ குறைகிறது.

இனி ஏழாவது நோட்டின் பக்கங்கள். ஆறு வாரம் கழித்து: நாற்பத்தாறிலிருந்து நாற்பத்து மூன்று. காரணம்: அண்ணன் மூச்சு லேசாகக் கேட்கிறது. ஒரு மாதம் கழித்து நாற்பது. பிறகு முப்பத்தெட்டு. பிறகு முப்பத்தைந்து. இந்த அளவில் பூச்சியம்தான் உச்சம். மைனஸ் எண் சிறிதாகச் சிறிதாக ஓசை பெரிது. ஒவ்வொரு முறையும் அது சிறு திருத்தம். ரேடியோவில் மெல்லிய ஓர் இழுப்பு கேட்கும், சித்தி காவலனை ஒரு படி முன்னே நகர்த்துவார், நோட்டில் எழுதுவார், அடுத்த வேலையைப் பார்ப்பார். மைக் பழசாகிவிட்டது என்று எண்ணி ஒரு முறை மைக்கையும் மாற்றினார்.

முப்பத்து மூன்றுக்கு வந்த வாரம் முடிதிருத்துபவர் சித்தியை வாசலிலேயே நிறுத்தினார்.

"அக்கா, தப்பா நெனக்காதீங்க. அண்ணன் வார்த்தைய முழுசா முடிக்க மாட்டேங்குறாரே. 'அமைச்சர் தெரிவித்தா', 'மழை பெய்த'ன்னு பாதியிலயே முழுங்கிடுறாரு. பல்லு ஏதும் விழுந்துடுச்சா?"

"பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"எனக்கென்ன, என் கஸ்டமர் ஒருத்தரு பாதி ஷேவிங்ல எழுந்து நின்னு, பெய்ததா பெய்யலையான்னு என்னையக் கேக்குறாரு."

காவலன் இப்போது வார்த்தைகளின் மெல்லிய கடைசி அசையையும் மூச்சு என்று எண்ணித் தடுத்துக்கொண்டிருந்தான். இதற்கு மேல் ஏற்ற இடமில்லை. சித்தி மேலே வந்து உட்கார்ந்தார். அந்த ஆண்டின் கடைசி வாரம் அது. ஆண்டு முடிவில் ஒவ்வொரு அளவும் எப்படி எப்படி மாறியது என்று தனித்தனி வரிசையாகப் புதுப் பக்கத்தில் எழுதிக்கொள்வது அவர் வழக்கம். கேட் என்று தலைப்பிட்டு, சிதறிக் கிடந்த எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். நாற்பத்தாறு. நாற்பத்து மூன்று. நாற்பது. முப்பத்தெட்டு. முப்பத்தைந்து. முப்பத்து மூன்று. எதிரே தேதிகள். காரணப் பத்தியில் ஆறு முறையும் ஒரே காரணம்.

மென்பொருள் எட்டு மாதமாக மாறவில்லை. மைக் புதியது. அறை அதே அறை. மாறியது ஒன்றே ஒன்றுதான் என்பது அந்தப் பக்கத்தில் அவர் கையெழுத்திலேயே இருந்தது.

அன்று பிற்பகல் மொட்டை மாடியில் கோபுரத்தின் நிழலில் மாமாவிடம் நோட்டைக் காட்டினார்.

"என்னம்மா இது, மளிகை லிஸ்டா?"

"உன் மூச்சு. எட்டு மாசத்துல எவ்வளவு ஏறியிருக்குன்னு பாரு."

"மூணு மாடி ஏறி வரேன். நீ ஏறிப் பாரு, உனக்கும் வாங்கும்."

"நானும் தெனம் அதே படியிலதான ஏறுறேன்? நான் என்ன பறந்தா வரேன்? டாக்டர்கிட்ட போலாம் அண்ணா."

மாமா நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "போனா படுன்னுவான். படுத்தா இந்த மேனேஜர் வேற ஒருத்தன உக்கார வெச்சிடுவான். இன்னும் கொஞ்ச நாள்தான், இருபத்தஞ்சு வருஷம் ஆயிடும். அது வரைக்கும் உன் கேட்ட புடிச்சு வெச்சுக்கோ. அதுக்கப்புறம் நீ சொல்ற எடத்துக்கு வரேன்."

"அது வரைக்கும் தாங்குமா?"

"தாங்கும். இன்னொண்ணு. அக்காகிட்ட மூச்சு விடக் கூடாது. சொல்ல மாட்டேன்னு சொல்லு."

"சொல்ல மாட்டேன்" என்றார் சித்தி.

அவர் கொடுத்த வாக்கை மீறியதில்லை. அதை இங்கே அழுத்திப் பதிவு செய்கிறேன். சொல்லவில்லை. மூன்று நாள் யோசித்தார். நான்காம் நாள் காலை ஆறு ஐம்பதுக்கு நோட்டில் ஒரு வரி எழுதினார். அம்மா அதைச் செவ்வாய்க்கிழமை என்பார். நோட்டில் புதன்கிழமை என்று இருக்கிறது. நோட்டைப் பின்பற்றுகிறேன். 'கேட்: மைனஸ் முப்பத்து மூன்றிலிருந்து நிறுத்தம். காரணம்: அக்கா கேட்க வேண்டும்.'

அந்தக் காலை நான் சமையலறை வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். "வணக்கம், செய்திகள்" என்றார் மாமா. அதற்கும் முதல் வரிக்கும் இடையில் ஏதோ ஒன்று உள்ளே போயிற்று. ஈரத் துணியைத் தரையில் இழுத்தாற்போல. அம்மாவின் கை அரிசியில் நின்றது.

"என்னடா இது? ஓடி வந்து வாசிக்கிறானா?"

இரண்டாவது தலைப்பு. மறுபடியும் அதே இழுப்பு, இந்த முறை நீளமாக. அம்மா ஈரக் கையோடு வந்து ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். மூன்றாவது தலைப்பின் நடுவில், நிறுத்தக் கூடாத இடத்தில், மாமா நின்று மூச்சை வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். அம்மா அடுப்பை அணைத்தார். வானிலை வரும் வரை சுவரில் கை வைத்து நின்றபடியே கேட்டார். செய்தி முடிந்ததும் என்னைப் பார்த்து, "ஷூவக் கழட்டாத. பஸ் எத்தன மணிக்கு?" என்றார்.

நாங்கள் போய்ச் சேர ஒன்பது ஆகிவிட்டது. அம்மா படிகளை எண்ணிக்கொண்டே ஏறினார், ஐம்பத்துநான்கு. மேலே மாமா செய்தி அறையில் மறுநாளுக்கான தாள்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். அக்காவைக் கண்டதும் எழுந்தார். பிறகு அவர் பார்வை அம்மாவைத் தாண்டி, கண்ணாடிக்கு அப்பால் நின்ற சித்தியின் மீது போயிற்று.

"அவ சொன்னாளா?"

"அவ ஒண்ணும் சொல்லல. நீதான் சொன்ன, ஏழு மணிக்கு, ஊருக்கே. கெளம்பு."

"அக்கா, நாளைக்குச் செய்தி..."

"நாளைக்குச் செய்தியில உன் பேரு வரணுமா? கெளம்புடா. வரலன்னா நான் இந்த நாற்காலியிலயே உக்காருவேன். ஏழு மணிக்கு நானே வாசிக்கிறேன், ஊரு சிரிக்கட்டும்."

மாமா கிளம்பினார். படி இறங்கும்போது யாரையும் பிடித்துக்கொள்ள மறுத்தார்.

மருத்துவர் நிதானமானவர். எப்போதிலிருந்து மூச்சு வாங்குகிறது என்று கேட்டார். "ஒரு மாசமா இருக்கும்" என்றார் மாமா. கூட வந்திருந்த சித்தி பையிலிருந்து நோட்டை எடுத்து, தேதிகளையும் எண்களையும் வரிசையாக வாசித்தார். மருத்துவர் பேனாவை நிறுத்திவிட்டு, "இது என்ன மருந்தோட அளவா?" என்றார்.

"இல்ல டாக்டர். இது கேட்."

விளக்கிச் சொன்னதும் அவர் நோட்டை வாங்கி நெடுநேரம் பார்த்தார். அந்தத் தேதிகளைத் தம் கோப்பில் அப்படியே எழுதிக்கொண்டார். இதயத்தின் ஒரு வால்வு சுருங்கிக்கொண்டே வந்திருந்தது. அறுவை சிகிச்சை பதினெட்டு நாள் கழித்து நடந்தது, நன்றாகவே நடந்தது.

நாற்காலி போயிற்று. புதன்கிழமைச் செய்தியை ஊரே கேட்டிருந்தது. மேலாளர் அடுத்த நாளே வேறொருவரை உட்காரவைத்தார். மாமா ஏழு மணிச் செய்தி வாசித்தது இருபத்துநான்கு ஆண்டு, பத்து மாதம், பதினொரு நாள். இருபத்தைந்து என்று உறவினர் சிலர் சொல்வதுண்டு. அது சரியில்லை.

உடம்பு தேறும் வரை மாமா எங்கள் வீட்டில் இருந்தார். சித்தி வாரம் தவறாமல் வருவார். மாமா அவரோடு பேச மாட்டார். "தண்ணி வேணுமான்னு உங்க மாமாவக் கேளு" என்று சித்தி என்னிடம் சொல்வார். "வேண்டாம்னு உன் சித்திகிட்ட சொல்லு" என்று மாமா என்னிடமே சொல்வார். இருவருக்கும் நடுவில் நான் தொலைபேசி இணைப்பகம் போல உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் அம்மா பொறுக்காமல், "உசிரக் காப்பாத்தினவகிட்ட என்னடா வீம்பு?" என்று கேட்டார். "காப்பாத்தட்டும். அதுக்கு என்னைய ஊரு முன்னால அவுத்து விடணுமா? என்கிட்டச் சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாம்ல?" என்றார் மாமா. சித்தி கூடத்தில் இருந்தார், காதில் விழுந்தது.  அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது என்று பல ஆண்டு கழித்து என்னிடம் ஒப்புக்கொண்டார். "சொல்லியிருந்தா அன்னைக்கு மூச்ச அடக்கி வாசிச்சிருப்பான். எனக்கு அவனத் தெரியும். ஆனாலும் அவன் கேட்டது சரிதான்" என்றார்.

ஐந்து மாதம் அப்படியே போயிற்று. பிறகு மேலாளரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு நேயர் கடிதங்கள் வாசிக்க முடியுமா? பத்து நிமிடம். 'ஏழு மணி எங்கே' என்று கேட்டு நாற்பதுக்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்திருப்பதாகவும், அவற்றிலிருந்தே தொடங்கலாம் என்றும் எழுதியிருந்தார். மாமா கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உலாவப் போனார். திரும்பி வந்ததும் இஸ்திரி போட வேட்டி எடுத்துக் கொடுக்கும்படி அம்மாவிடம் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் உடன் போனேன். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் அவர் நின்றார், நானும் நின்றேன். ஸ்டுடியோவில் நாற்காலியை இழுத்துப் போட்டு, தாள்களை அடுக்கி, மைக்கைத் தன் பக்கம் சற்றுத் திருப்பினார். கண்ணாடிக்கு அப்பால் சித்தி. பதினொரு மணிக்கு மூன்று நிமிடம் இருந்தது. மாமா உள்தொடர்புப் பொத்தானை அழுத்தினார். ஐந்து மாதத்தில் தங்கையிடம் அவர் நேராகப் பேசிய முதல் பேச்சு இது.

"எவ்வளவுல வெச்சிருக்க?"

"ஒண்ணும் வைக்கல. தெறந்துதான் இருக்கு."

"மூச்சு கேக்குமே."

"கேக்கும். வேணும்னா இப்பவே போடுறேன். நீ சொல்லு."

மாமா தாளைப் பார்த்தார். "மொதக் கடுதாசி ரொம்ப நீளம்."

"எங்க நிறுத்தணுமோ அங்க நிறுத்து. பத்து நிமிஷம் முழுக்க உன்னோடதுதான்."

"சரி, இருக்கட்டும். போட வேணாம்."

சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் கடிதத்தில் நான்கு இடத்தில் நின்றார். நான்கு முறையும் மூச்சை உள்ளே இழுப்பது அறையில் கேட்டது. முன்பைவிட மெல்லியது, சீரானது. சித்தியின் வலக்கை மேசையில் விரிந்தபடி இருந்தது, மவுஸுக்கு ஒரு சாண் தள்ளி. பத்து நிமிடமும் அது அசையவில்லை. முடிந்ததும் நோட்டைத் திறந்து தேதியும் நேரமும் எழுதினார். பழைய அளவு, புதிய அளவு இரண்டிலும் கோடு போட்டார். காரணப் பத்தியில், 'அண்ணனைக் கேட்டாயிற்று' என்று எழுதினார்.

மாமா வெளியே வந்து சுவரோரம் நின்று தண்ணீர் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "மதியம் சாப்பாடு எங்க?" என்றார்.

"அக்கா வீட்டுலதான். இன்னேரம் உலை வெச்சிருப்பா."

"பஸ்ஸுல நீ ஜன்னலோரம் உக்காரக் கூடாது. போன தடவையும் நீதான் உக்காந்த."

"அது பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி!"

"இருக்கட்டுமே. நீ நோட்டுல எழுதலன்னா நடக்கலன்னு அர்த்தமா?"